இன்டு த வுட்ஸ் (திரைப்படம், 2014)

'இன்டு த வுட்ஸ்' 2014 டிசம்பரில் வெளியான அமெரிக்க இசைத் திரைப்படம். ராப் மார்ஷல் இயக்கினார். வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்டது. ஸ்டீவன் சோன்ட்ஹைம் இசையும் பாடல்களும், ஜேம்ஸ் லபைன் உரையாடலும் எழுதி, 1987 நவம்பரில் நியூயார்க் நகரின் பிராட்வேயில் மேடையேறிய இதே பெயர்கொண்ட இசைநாடகத்தின் திரைவடிவம் இது. திரைக்கதையையும் லபைனே எழுதினார். சிண்ட்ரெல்லா, சிவப்புக் குல்லாய்ச் சிறுமி, ஜாக்கும் அவரைக்கொடியும், ரபுன்செல் ஆகிய நான்கு தேவதைக்கதைகள் இதில் ஒன்றாகப் பின்னப்பட்டுள்ளன. அவற்றைக் கட்டும் கயிறாகப் பழங்கதை எதிலும் இல்லாத ஒரு ரொட்டிக்கடைத் தம்பதியின் கதை வருகிறது. தலைப்புக்குக் 'காட்டுக்குள்' என்று பொருள்.

பல தேவதைக்கதைகளை ஒரே படத்தில் கலப்பது 2014-ல் புதிய உத்தி அல்ல. 'ஷ்ரெக்' (2001) நாடுகடத்தப்பட்ட கதைமாந்தர் அனைவரையும் ஒரு பச்சைப் பூதத்தின் சதுப்புநிலத்தில் கொண்டுவந்து குவித்தது. 'ஹூட்விங்க்டு' (2005) சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் கதையைப் போலீஸ் விசாரணையாக்கியது. 'என்சான்டட்' (2007) சித்திரப்பட இளவரசியை நியூயார்க் தெருவில் இறக்கிவிட்டது. தெரிந்த முகம் எதிர்பாராத இடத்தில் தென்படும்போது எழும் சிரிப்பே இப்படங்களின் பலம். 'இன்டு த வுட்ஸ்' படத்திலும் அந்தச் சிரிப்பு உண்டு. ஆனால் இங்கே கதைகள் சந்திக்கும்போது இன்னொன்றும் நிகழ்கிறது. ஒரு கதையின் நாயகன் தன் மகிழ்ச்சிக்காகச் செய்யும் காரியம் பக்கத்துக் கதையில் ஒருவருக்கு இழப்பாகிறது. தனித்தனியாகச் சொல்லப்படும்வரை கண்ணில் படாத அந்த இழப்பு, கதைகளைச் சேர்த்தவுடன் தெரிய ஆரம்பிக்கிறது. இப்படத்தின் மதிப்பு அதில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கை முழுதாக எடுத்துவைக்க இறுதிப் பகுதியில் தயங்கியது இதன் குறை.

கதை

ரொட்டிக்காரனுக்கும் அவன் மனைவிக்கும் குழந்தை இல்லை. பக்கத்து வீட்டுச் சூனியக்காரி ஒருநாள் கதவைத் தகர்த்துக்கொண்டு வந்து காரணத்தைச் சொல்கிறாள். பல ஆண்டுகளுக்கு முன் ரொட்டிக்காரனின் தந்தை, கர்ப்பிணி மனைவியின் ஆசைக்காகச் சூனியக்காரியின் தோட்டத்தில் கீரை திருடினான். கூடவே மந்திர அவரைவிதைகளையும் எடுத்துச்சென்றான். கீரைக்கு ஈடாகச் சூனியக்காரி அவனுக்குப் பிறந்த பெண்குழந்தையை எடுத்துக்கொண்டாள். அக்குழந்தையே கோபுரத்தில் வளரும் ரபுன்செல். விதைகளைப் பறிகொடுத்ததற்குத் தண்டனையாகத் தன் தாயின் சாபம் தாக்கி அவள் அழகிழந்தாள். அந்தக் கோபத்தில் ரொட்டிக்காரனின் குடும்பத்துக்கு வாரிசில்லாமல் போகும்படி சபித்தாள்.

சாபம் நீங்க வழி ஒன்றுண்டு. மூன்று இரவுகளுக்குள் ஒரு வெள்ளைப் பசு, ஒரு சிவப்பு மேலங்கி, சோளக்கதிர் நிறத்துக் கூந்தல், தங்கக் காலணி ஆகிய நான்கையும் கொண்டுவர வேண்டும். பசு ஜாக்குடையது. மேலங்கி பாட்டி வீட்டுக்குப் போகும் சிறுமியுடையது. கூந்தல் ரபுன்செலுடையது. காலணி சிண்ட்ரெல்லாவுடையது. தம்பதியர் காட்டுக்குள் செல்கிறார்கள். மற்றவர்களும் தத்தம் காரியமாக அதே காட்டில்தான் இருக்கிறார்கள். படத்தின் நடுப்பகுதியில் எல்லாருக்கும் விரும்பியது கிடைத்துவிடுகிறது. சிண்ட்ரெல்லாவின் திருமண விழாவில் பூமி அதிர்கிறது. ஜாக் கொன்ற அரக்கனின் மனைவி வானத்திலிருந்து இறங்கி வந்திருக்கிறாள்.

கதைகள் இணையும் இடங்கள்

நான்கு பொருட்களைத் தேடும் பயணம் பார்வைக்கு எளிய உத்தி. ஆனால் லபைன் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சிறிய தவறை வைத்திருக்கிறார். ரொட்டிக்காரனிடம் பசுவை வாங்கப் பணம் இல்லை. தந்தையின் பழைய கோட்டுப் பையில் கிடந்த அவரைவிதைகளை மந்திர விதைகள் என்று சொல்லி ஜாக்கிடம் கொடுக்கிறார்கள். அவை உண்மையிலேயே மந்திர விதைகள் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே அது ஏமாற்று. பொய் தற்செயலாக உண்மையாகிவிடுவதால் அது மன்னிக்கப்பட்டுவிடுகிறதா என்ற கேள்வியை யாரும் அப்போது எழுப்புவதில்லை.

மேலங்கியின் கதை இதைவிட நுட்பமானது. ரொட்டிக்காரன் முதலில் சிறுமியிடமிருந்து மேலங்கியைப் பிடுங்கிக்கொள்கிறான். அவள் அலறியதும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். பின்னர் பாட்டியின் வீட்டில், மேலங்கியை எடுக்கும் எண்ணத்தோடுதான் தூங்கும் ஓநாயின் வயிற்றைக் கிழிக்கிறான். உள்ளிருந்து சிறுமியும் பாட்டியும் உயிரோடு வெளிவருகிறார்கள். கிரிம் சகோதரர்களின் கதையில் இந்த வேலையைச் செய்பவன் வழியே போகும் வேட்டைக்காரன். அவனுக்கு அந்த வீட்டில் வேறு நோக்கம் இல்லை. இங்கே காப்பாற்றுபவன் திருட வந்தவன். நன்றிக்கடனாகச் சிறுமி தானே மேலங்கியைக் கழற்றித் தருகிறாள். திருட்டு பரிசாக மாறும் இக்காட்சி படத்தில் வேகமாகக் கடந்துவிடுகிறது, சிரிப்பூட்டவும் செய்கிறது.

முடிச்சுகளில் மிக முக்கியமானது கடைசி விதை. காலணிக்கு மாற்றாக ரொட்டிக்காரனின் மனைவி மிச்சமிருந்த ஒற்றை விதையைச் சிண்ட்ரெல்லாவிடம் நீட்டுகிறாள். விதையால் என்ன பயன் என்று சிண்ட்ரெல்லா அதை வீசியெறிகிறாள். ஓடித் தப்புவதற்கு ஒரு ஜோடி செருப்பே அவளுக்குத் தேவை என்பதால், கடைசியில் செருப்புக்குச் செருப்பு என்று பண்டமாற்று முடிகிறது. வீசப்பட்ட விதையை அதற்குப்பின் யாரும் நினைப்பதில்லை. அது முளைத்து வளர்ந்த கொடியின் வழியாகத்தான் அரக்கி பூமிக்கு இறங்குகிறாள்.

பின்பகுதியில் வரும் குற்றச்சாட்டுப் பாடல் இந்த முடிச்சுகளை எல்லாம் மிக வேகமாக அவிழ்த்துக் காட்டுகிறது. ஜாக் திருடியதால்தான் இந்தக் கேடு என்கிறார்கள். சிறுமி சவால் விட்டதால்தான் யாழைத் திருட மீண்டும் ஏறினேன் என்கிறான் ஜாக். விதையைக் கொடுத்தவர் யார், வீசியவர் யார், முதலில் திருடியவர் யார் என்று பழி ஒரு கையிலிருந்து மறுகைக்குத் தாவுகிறது. ஐந்து பேர் மூச்சுவிடாமல் பாடும் இப்பாடலைப் பார்வையாளர் சரிபார்த்தால் ஒவ்வொருவர் சொல்வதும் உண்மை என்பது தெரியும். முன்பகுதியில் வேடிக்கையாகத் தோன்றிய தற்செயல்கள் இங்கே சாட்சியங்களாகின்றன. பல கதைகளைக் கலக்கும் படங்களில் இவ்வளவு கறாரான காரண காரியத் தொடர் அரிது.

பெரோவும் கிரிமும்

இப்படத்தின் சிண்ட்ரெல்லாவிடம் பூசணிக்காய் வண்டியும் தேவதைத் தாயும் இல்லை. அவை பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697-ல் வெளியிட்ட வடிவத்தைச் சேர்ந்தவை. டிஸ்னியின் 1950-ஆம் ஆண்டுச் சித்திரப்படம் உலகெங்கும் பரப்பியதும் அவ்வடிவத்தையே. சோன்ட்ஹைமும் லபைனும் எடுத்துக்கொண்டது 1812-ல் முதல் தொகுதி வெளியான கிரிம் சகோதரர்களின் வடிவம். அதில் சிண்ட்ரெல்லா தாயின் கல்லறையில் வளர்ந்த மரத்தடியில் நின்று அழுகிறாள். ஆடை அங்கிருந்தே கிடைக்கிறது. காலணி கண்ணாடியால் ஆனதல்ல, தங்கம். மாற்றாந்தாயின் மகள்கள் காலணிக்குள் பாதத்தைத் திணிக்க ஒருத்தி விரலையும் மற்றொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். பறவைகள் அவர்கள் கண்களைக் குத்துகின்றன. படம் இவை எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறது. இரத்தம் திரையில் காட்டப்படவில்லை. ஆனால் கத்தி காட்டப்படுகிறது.

இதே நிறுவனம் மூன்று மாதங்கள் கழித்து, 2015 மார்ச்சில், கென்னத் பிரானா இயக்கத்தில் பூசணி வண்டியும் கண்ணாடிக் காலணியும் கொண்ட 'சிண்ட்ரெல்லா' படத்தை வெளியிட்டது. டிஸ்னியின் இரண்டு சிண்ட்ரெல்லாக்கள் ஏறக்குறைய ஒரே பருவத்தில் திரையரங்குகளுக்கு வந்தார்கள். அதில் ஒருத்தி இளவரசனை விட்டு விலகுகிறாள் என்பது அந்நிறுவனத்தின் வரலாற்றில் வியப்பான செய்தி.

சிண்ட்ரெல்லா அரண்மனைப் படிக்கட்டில் நிற்கும் பாடல் படத்தின் மிகச்சிறந்த பகுதிகளில் ஒன்று. அவள் ஓடிவிடக் கூடாது என்பதற்காக இளவரசன் படிகளில் தார் பூசி வைத்திருக்கிறான். நாடகத்தில் அவள் இச்சம்பவத்தைக் காட்டுக்கு வந்தபின் நினைவுகூர்ந்து பாடுகிறாள். படத்தில் காலம் உறைகிறது. இளவரசனும் வீரர்களும் அசையாமல் நிற்க, காலடியில் காலணி ஒட்டிக்கொண்டிருக்க, அந்த ஒரு கணத்துக்குள் அவள் முடிவெடுக்கப் போராடுகிறாள். திரும்பிப் போவதா, பிடிபடுவதா? இரண்டையும் விடுத்து, ஒரு காலணியை வேண்டுமென்றே விட்டுச்செல்கிறாள். முடிவெடுக்கும் பொறுப்பை இளவரசனிடம் தள்ளிவிடும் தந்திரம் அது. தொலைந்த காலணி என்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டது இங்கே விட்டுச்சென்ற காலணியாகிறது. நடந்ததைச் சொல்வதைவிட நடக்கும்போதே காட்டுவது இப்பாடலுக்குப் பொருந்துகிறது. திரைவடிவம் நாடகத்தை மிஞ்சும் இடம் இது. அன்னா கென்ட்ரிக் இங்கே பதற்றத்தையும் கணக்குப்போடும் அறிவையும் ஒரே முகத்தில் கொண்டுவருகிறார்.

அரக்கனின் மனைவி

ஜாக்கும் அவரைக்கொடியும் மற்ற மூன்றையும்விடச் சங்கடமான கதை. ஒரு சிறுவன் ஒருவர் வீட்டுக்குள் மூன்று முறை நுழைந்து திருடுகிறான். துரத்திவந்த வீட்டுக்காரனைக் கொல்கிறான். அதற்குப்பின் மகிழ்ச்சியாக வாழ்கிறான். இதைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது என்ற சிக்கல் ஆங்கிலேயப் பதிப்பாளர்களுக்கு இருந்தது. 1807-ல் பெஞ்சமின் டாபார்ட் வெளியிட்ட பதிப்பில் ஒரு தேவதை வழியில் ஜாக்கைச் சந்தித்து, அந்த அரக்கன்தான் உன் தந்தையைக் கொன்று செல்வத்தைக் கொள்ளையடித்தவன் என்று விளக்குகிறாள். திருட்டு அதன்மூலம் பழிதீர்த்தலாகவும் சொத்தை மீட்பதாகவும் ஆகிவிடுகிறது. ஜோசப் ஜேகப்ஸ் 1890-ல் தொகுத்த 'இங்கிலிஷ் ஃபெய்ரி டேல்ஸ்' நூலில் அந்த விளக்கம் கிடையாது. அங்கே ஜாக்குக்கு உணவு கொடுத்து, கணவன் கண்ணில் படாமல் ஒளித்துவைப்பவள் அரக்கனின் மனைவி. அவள் செய்த உதவிக்குக் கிடைத்த பலன் கணவனின் மரணம். கதை அவளை அத்துடன் மறந்துவிடுகிறது.

இந்த மறதியிலிருந்துதான் சோன்ட்ஹைமும் லபைனும் இரண்டாம் பாதியை உருவாக்கினார்கள். கீழே இறங்கிவரும் அரக்கி கேட்பது ஒன்றே ஒன்று: வீட்டில் இடம் கொடுத்தும் தன் கணவனைக் கொன்ற சிறுவனைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும். அவள் கோரிக்கையில் அநியாயம் ஏதுமில்லை. ஆனால் அவள் நடக்கும் இடமெல்லாம் நொறுங்குகிறது. சிறுமியின் வீடு போகிறது. சிண்ட்ரெல்லாவின் தாயின் மரம் சாய்கிறது. எதிர்த்துப் பேசும் ஜாக்கின் தாய், அரண்மனைக் காரியக்காரன் தள்ளியதில் அடிபட்டு இறக்கிறாள். ஜாக்கை ஒப்படைத்துவிடலாம் என்கிறாள் சூனியக்காரி. தான் நல்லவள் என்று அவள் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. தான் சொல்வது சரி என்று மட்டுமே சொல்கிறாள். மற்றவர்கள் நல்லவர்களாக இருக்க விரும்புகிறார்கள். ஆகவே சிறுவனைக் கொடுக்க மறுத்து, அரக்கியைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள்.

திட்டம் தயாராகும்போது சிவப்புக் குல்லாய்ச் சிறுமி தயங்குகிறாள். அரக்கியும் ஓர் ஆள்தானே, மன்னிக்க வேண்டாமா என்று கேட்கிறாள். சிண்ட்ரெல்லாவிடம் அதற்கு நேரான பதில் இல்லை. இதையொட்டி வரும் பாடல் இப்படத்தில் அதிகம் அறியப்பட்டது. யாரும் தனியாக இல்லை என்று சிறுமிக்கும் ஜாக்குக்கும் பெரியவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அமெரிக்காவில் நினைவுக்கூட்டங்களிலும் பட்டமளிப்பு விழாக்களிலும் பாடப்படுவதால் இது வெறும் ஆறுதல் பாட்டாகப் பலருக்குத் தெரியும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் பத்தாம் ஆண்டு நினைவில் இறந்தோர் குடும்பங்களிடம் ஒபாமா பேசியதைக் கேட்டபோது இப்பாடலின் கருத்து நினைவுக்கு வந்ததாகவும், படமெடுக்க அது ஒரு தூண்டுதல் என்றும் மார்ஷல் பேட்டிகளில் கூறியிருக்கிறார். ஆனால் பாடல் நிகழும் சூழலை நினைவில் வைத்துக் கேட்டால் அதன் தொனி மாறும். யாரும் தனியாக இல்லை என்பதில் நீ செய்யும் காரியம் இன்னொருவரைத் தொடும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. எதிர்த்தரப்பில் நிற்பவருக்கும் அவருடைய ஆட்கள் உண்டு என்றும் பாடல் சொல்கிறது. கணவனை இழந்த ஒருத்தியைக் கொல்லக் காத்திருக்கும் நான்கு பேர் பாடும் பாடல் அது.

படம் இங்கே முதல் முறையாகச் சறுக்குகிறது. அரக்கி மரக்கிளைகளுக்கு மேலே, மூட்டத்துக்குள், பெரும்பாலும் ஒரு குரலாகவும் அரைகுறை உருவமாகவும் வருகிறாள். பிரான்சஸ் டி லா டூர் போன்ற தேர்ந்த நடிகை அந்தப் பாத்திரத்தில் இருந்தும் அவர் முகத்தை நிறுத்திப் பார்க்க வாய்ப்பில்லை. மேடையில் அரக்கி ஒலியாக மட்டுமே வருவாள். அரங்கின் எல்லை அது. திரைக்கு அந்த எல்லை இல்லை. வானத்தில் இருக்கும் அந்த வீடும் படத்தில் இல்லை. ஜாக் மேலே கண்டதை ஒரு மரத்தின் மீதிருந்து பாடலாகச் சொல்கிறான். அவனுக்குச் சோறிட்ட பெண்ணைப் பார்வையாளர் பார்ப்பதே இல்லை. ஒரே ஒரு காட்சியில் அவள் அடுப்படியைக் காட்டியிருந்தால் பின்பாதியின் எடை வேறாக இருந்திருக்கும். கடைசியில் அவளைத் தார்க்குழிக்கு இழுத்து, ஜாக் கவண்கல்லால் வீழ்த்துகிறான். காட்சி ஒரு வழக்கமான அசுரவதமாக முடிகிறது. சிறுமியின் தயக்கம் அதற்குச் சில நிமிடங்கள் முன்புதான் கேட்டது என்பதைப் படம் மறந்துவிட்டதுபோல் இருக்கிறது.

இடைவேளை இல்லாத கதை

நாடகத்தின் முதல் அங்கம் முழு மகிழ்ச்சியில் முடிந்து இடைவேளை விடப்படும். பார்வையாளர் கதை முடிந்தது என்றே நினைத்து எழுந்திருப்பதுண்டு. அமெரிக்கப் பள்ளிகளுக்காக வெளியிடப்பட்ட சுருக்க வடிவம் முதல் அங்கத்தோடு நிறைவடைகிறது. அங்கே நடிக்கும் சிறுவர்களுக்கு அரக்கி வருவதே தெரிய வேண்டியதில்லை.

மேடையில் இரண்டாம் அங்கம் தொடங்கும்போது சில காலம் கடந்திருக்கிறது. கிடைத்தவை பழகிவிட்டன. ரொட்டிக்காரனின் வீடு குழந்தையோடு நெருக்கடியாக இருக்கிறது. இளவரசர்கள் மனைவியரிடம் சலித்து, உறங்கும் அழகியையும் பனிவெண்மை இளவரசியையும் தேடிச்செல்கிறார்கள். ஆசை நிறைவேறியதும் அடுத்த ஆசை பிறக்கும் என்பதைக் காட்டிய பின்னரே அரக்கி வருகிறாள். படத்தில் இந்த இடைக்காலம் ஏறத்தாழ இல்லை. திருமண விழாவிலேயே நிலம் நடுங்குகிறது. இளவரசர்களின் இரண்டாவது புலம்பல் பாடலும் நீக்கப்பட்டது. இதன் விளைவு பெரியது. நாடகத்தில் பேரழிவு மனிதர்களின் நிறைவின்மைக்குப் பின் வருகிறது. படத்தில் அது நிறைவான மகிழ்ச்சியைக் குலைக்க வெளியிலிருந்து வருகிறது. சிண்ட்ரெல்லாவின் கணவன் ரொட்டிக்காரனின் மனைவியைக் காட்டில் முத்தமிடும்போது, சலிப்பு எப்போது தொடங்கியது என்று பார்வையாளர் குழம்ப நேரிடுகிறது.

இரண்டாவது மாற்றம் ரபுன்செல் தொடர்பானது. நாடகத்தில் சூனியக்காரி வளர்த்த ரபுன்செல் மனம் பேதலித்து ஓடி, அரக்கியின் காலடியில் நசுங்கி இறக்கிறாள். பெற்றவர்களிடமிருந்து பறித்து, உலகத்திடமிருந்து காப்பதாகச் சொல்லிக் கோபுரத்தில் பூட்டிவைத்த மகளைச் சூனியக்காரி அந்த உலகத்திடமே இழக்கிறாள். அதற்குப்பின் அவள் கொள்ளும் சீற்றத்துக்கு அதுதான் வேர். படத்தில் ரபுன்செல் தாயை மறுத்துவிட்டு இளவரசனோடு குதிரையில் போய்விடுகிறாள். சூனியக்காரியின் இறுதிப் பாடலில் மெரில் ஸ்ட்ரீப் காற்றையும் இலைகளையும் சுழற்றிப் பெரும் ஆற்றலைக் காட்டுகிறார்; ஆனால் அந்த ஆற்றலுக்கு ஈடான இழப்பு அவளுக்கு நேர்ந்திருக்கவில்லை. மகள் புகுந்த வீடு போன வருத்தம் அளவிலேயே அது நிற்கிறது.

2014 கோடையில் ஆசிரியர்களோடு நடந்த ஒரு சந்திப்பில் சோன்ட்ஹைம், டிஸ்னி கேட்ட மாற்றங்களைப் பற்றிப் பேசியது செய்தியாகிச் சர்ச்சையானது. பின்னர் அவரே, படம் நாடகத்துக்கு நேர்மையான தழுவல் என்று பாராட்டி அறிக்கை வெளியிட்டார். அஞ்சப்பட்ட அளவுக்கு மாற்றங்கள் நிகழவில்லை என்பது உண்மை. ரொட்டிக்காரனின் மனைவியின் தடுமாற்றமும் அவள் மரணமும் படத்தில் இருக்கின்றன. ஓநாய் சிறுமியைப் பார்க்கும் பார்வையிலுள்ள அருவருப்பும் இருக்கிறது. ஒரு கிறிஸ்துமஸ் வெளியீட்டுக்கு இது துணிச்சல்தான். ஆனால் ஒரு மரணத்தை நீக்குவது ஒரு காட்சியை நீக்குவதோடு நிற்பதில்லை என்பதற்கு ரபுன்செல் எடுத்துக்காட்டு.

மேடையில் ஓநாயாகவும் சிண்ட்ரெல்லாவின் இளவரசனாகவும் ஒரே நடிகர் நடிப்பது வழக்கம். காட்டில் சிறுமியை மயக்கியவனும் பின்னர் ரொட்டிக்காரனின் மனைவியை மயக்குபவனும் ஒரே உடல் என்பதை வசனம் இல்லாமலே பார்வையாளர் உணர்வார். படம் ஜானி டெப்பையும் கிறிஸ் பைனையும் தனித்தனியாக அமர்த்தியதால் அந்த எதிரொலி போய்விட்டது. நட்சத்திர விளம்பரத்துக்கு இரண்டு பெயர்கள் கிடைத்தன என்பதே மிச்சம். பழைய சித்திரப்பட ஓநாயின் பாணியில் கோட்டும் தொப்பியும் அணிந்து டெப் வரும் சில நிமிடங்கள் மற்றக் காட்சிகளோடு ஒட்டவும் இல்லை.

நடிப்பும் ஆக்கமும்

படத்தின் மையம் எமிலி பிளன்ட். ரொட்டிக்காரனின் மனைவி தேவதைக்கதையில் பிறக்காதவள். ஆகவே மற்றவர்களைப்போல் அவளுக்கு முன்பே எழுதப்பட்ட முடிவு கிடையாது. ஆசைப்படவும், பொய் சொல்லவும், இளவரசன் முத்தமிட்டபின் வீட்டுக்குத் திரும்புவதா அந்தக் கணத்தை நீட்டிப்பதா என்று தனக்குத்தானே வாதாடவும் அவளால் முடிகிறது. அந்த வாதாட்டப் பாடலை பிளன்ட் பாடும் விதத்தில் குற்றவுணர்வைவிட வியப்பு கூடுதலாக ஒலிக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது என்று தெளிந்து திரும்பும்போதே அவள் இறக்கிறாள். பழைய நாடக மரபில் இது தவறிய பெண்ணுக்கான தண்டனையாக வாசிக்கப்படக்கூடும். அவ்வாறு விமர்சித்தவர்களும் உண்டு. ஆனால் இக்காட்டில் விழும் மரங்கள் நல்லவர் கெட்டவர் பார்ப்பதில்லை. இளவரசனுக்கு எந்தத் தண்டனையும் இல்லை என்பது கூடுதல் கசப்பு. தான் வளர்க்கப்பட்ட விதத்தைக் காரணமாகக் காட்டிவிட்டு அவன் போய்விடுகிறான். பைன் அந்த அசட்டுத்தனத்தை உணர்ந்து நடித்திருக்கிறார். இரு இளவரசர்கள் அருவிப் பாறையில் சட்டையைக் கிழித்துக்கொண்டு காதல் வேதனையில் போட்டியிடும் பாடல் படத்தின் உச்ச நகைச்சுவை.

இசைக்கோர்வையை ஜொனாதன் டூனிக்கும் இசை நடத்துதலைப் பால் ஜெமிஞ்ஞானியும் கவனித்தார்கள். இருவரும் 1987-ஆம் ஆண்டு மேடையேற்றத்திலும் இருந்தவர்கள். ஆகவே பாடல்கள் சிதையவில்லை. தொடக்கப் பாடலில் மூன்று வீடுகளின் ஆசைகள் மாறி மாறி வெட்டப்பட்டு, எல்லாரும் காட்டெல்லைக்கு வந்துசேரும் வரை இசை அறுபடாமல் ஓடுகிறது. மேடையில் மூன்று வீடுகளும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கும். படத்தொகுப்பு அதற்கு நிகரான ஒன்றைச் சாதித்திருக்கிறது. மெரில் ஸ்ட்ரீப்புக்காகச் சோன்ட்ஹைம் புதிதாக எழுதிய ஒரு பாடல் படமாக்கப்பட்டு, பின்னர் ஓட்டத்தைத் தடுப்பதாகக் கருதி நீக்கப்பட்டது. டியான் பீபியின் ஒளிப்பதிவில் காடு நீலமும் சாம்பலுமாக இருண்டே கிடக்கிறது. பின்பாதியில் இந்த இருட்டு மிகுந்துபோய், யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே சில இடங்களில் தெளிவாக இல்லை. துணை நடிகை (ஸ்ட்ரீப்), ஆடை வடிவமைப்பு (கொலீன் அட்வுட்), கலை இயக்கம் ஆகியவற்றுக்கு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன, விருது கிடைக்கவில்லை.

கதைசொல்லி

நாடகத்தில் கோட்டு அணிந்த ஒரு கதைசொல்லி மேடையோரத்தில் நின்று கதையை நடத்திச்செல்வார். இரண்டாம் அங்கத்தில் அரக்கி ஒரு பலியைக் கேட்கும்போது கதைமாந்தர் எல்லாரும் அவர் பக்கம் திரும்புகிறார்கள். தான் கதைக்கு வெளியே இருப்பவன் என்று அவர் மன்றாடியும் பயனில்லை, அரக்கியிடம் வீசப்படுகிறார். அதற்குப்பின் அடுத்து என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாத கதைக்குள் அவர்கள் விடப்படுகிறார்கள். திரையில் இதைச் செய்வது கடினம் என்று கருதியோ என்னவோ, படம் அக்கதைசொல்லியையே நீக்கிவிட்டது. இந்த இழப்பு சிறிதல்ல.

ஆனால் அந்த இடத்தில் லபைன் வைத்த மாற்று நன்றாக வேலை செய்கிறது. படத்தின் முதல் சொல்லிலிருந்தே கதை சொல்லும் குரல் ரொட்டிக்காரனாக நடிக்கும் ஜேம்ஸ் கார்டனுடையது. அவன் ஏன் தன் கதையைப் படர்க்கையில் சொல்கிறான் என்பது நெடுநேரம் விளங்குவதில்லை. மனைவி இறந்தபின் அவன் குழந்தையைச் சிண்ட்ரெல்லாவிடம் விட்டுவிட்டுத் தன் தந்தையைப் போலவே ஓடப் பார்க்கிறான். ஓடிப்போன தந்தையின் உருவத்தைக் காட்டில் கண்டு, திரும்பி வருகிறான். அரக்கி இறந்தபின் ஜாக்கும் சிறுமியும் சிண்ட்ரெல்லாவும் அவனோடு ரொட்டிக்கடை வீட்டில் வாழ முடிவெடுக்கிறார்கள். கைக்குழந்தை அழுகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் அவனுக்கு, நடந்த கதையைச் சொல்லும்படி இறந்த மனைவியின் குரல் சொல்கிறது.

அவன் சொல்லத் தொடங்குவது படம் தொடங்கிய அதே வாக்கியத்தில். மற்ற மூவரும் சுற்றி அமர்ந்து கேட்கிறார்கள். குழந்தைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், சொல்வதைக் கவனமாகச் சொல்லுங்கள் என்ற பொருள்பட சூனியக்காரியின் குரலில் இறுதிப் பாடல் எழுகிறது. ரொட்டிக்காரன் தன் மகனுக்கு அந்த இரவில் அரக்கியைப் பற்றி என்ன சொன்னான் என்பது படத்தில் இல்லை.